81-ஆவது மணி நேரம்

ஜோனி ஐவ் என்றதும் ஐபோன் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் தொழில் பழகிய இடங்களில் ஒன்று லண்டனில் இருந்த டேஞ்சரின் என்ற சிறிய டிசைன் ஏஜென்சி. சீப்பு, பீங்கான், மின்கருவி, தொலைக்காட்சிப் பெட்டி என்று கைக்கு வந்ததையெல்லாம் அங்கே வடிவமைத்தார். ஐடியல் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய குளியலறைச் சாமான்களை அந்த நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. 1992-இல், அதுவரை டேஞ்சரினின் வாடிக்கையாளராக இருந்த ஆப்பிளிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தனக்கு வடிவமைப்பில்தான் ஆர்வம், அதை வியாபாரமாக நடத்தும் விருப்பமும் இல்லை, திறமையும் இல்லை என்று பின்னாளில் காரணம் சொன்னார். 27 ஆண்டுகள் கழித்து, 2019-இல் ஆப்பிளைவிட்டு வெளியேறப்போவதாக அறிவித்தபோது அவர் தொடங்கியது எது? லவ்ஃப்ரம் என்ற இன்னொரு டிசைன் ஏஜென்சி. அவரை ஆப்பிளுக்குள் கொண்டுவந்த ராபர்ட் பிரன்னரின் கதையும் இதே ஊசலாட்டம்தான். லூனார் ஏஜென்சியின் நிறுவனர்களில் ஒருவராக இருந்தவர் ஆப்பிளுக்குப் போனார், 1996-இல் அங்கிருந்து பென்டகிராம் என்ற ஏஜென்சிக்கு வந்தார், பிறகு அம்யூனிஷன் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். தொழிலின் உச்சியில் இருப்பவர்களே இந்த இரண்டு கரைகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்க, நம் ஊரில் படிப்பை முடித்து வெளியே வருகிற இளைஞருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ஏஜென்சியில் விதவிதமான வேலை கிடைக்கும், ஆனால் ராப்பகல் பார்க்க முடியாது. அந்த வரி பொய்யில்லை. நடுவில் இருக்கும் ‘ஆனால்’தான் தவறு. ராப்பகல் பார்க்க முடியாமல் போவதும் விதவிதமான வேலை கிடைப்பதும் ஒரே காரணத்தால் நடக்கின்றன. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால், ஏஜென்சி வேலையின் நன்மை தீமைகளை எண்ணிப் பார்ப்பதைவிட எடைபோட்டுப் பார்க்க முடியும்.

டிசைன் ஏஜென்சி எதை விற்கிறது? லோகோ, செயலித் திரை, பொட்டலத்தின் மேலுறை என்று சொல்லத் தோன்றும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் சரக்கு வேறு. அங்கே விற்பனைக்கு இருப்பது வடிவமைப்பாளரின் மணி நேரம். வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 40 மணி என்றால் 2,080 மணி. பண்டிகையும் விடுப்பும் போனால் 1,800 சொச்சம். அதில் அலுவலகக் கூட்டம், புது வேலை பிடிக்கும் முயற்சி, க்ளையண்டின் பதிலுக்காகக் காத்திருப்பது எல்லாம் கழிந்து, பில் போடக்கூடியதாக மிஞ்சும் பங்கைத்தான் ‘யூட்டிலைசேஷன்’ என்கிறார்கள். ஏஜென்சி முதலாளியின் தூக்கத்தைத் தீர்மானிக்கும் எண் அது. தொழிலில் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைப்போல மூன்று மடங்கு அவரால் வரவேண்டும். ஒரு பங்கு சம்பளத்துக்கு, ஒரு பங்கு வாடகை, மென்பொருள், நிர்வாகத்துக்கு, ஒரு பங்கு லாபத்துக்கும் வேலை வராத மாதத்துக்கும். மாதம் 50,000 ரூபாய் வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரால் 1,50,000 வரவேண்டும். மாதத்தில் 120 மணி நேரம் பில் போட முடிந்தால், ஒரு மணியின் விலை 1,250 ரூபாய். இப்போது ஒரு க்ளையண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு வேலை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டால், ஏஜென்சி விற்றிருப்பது 80 மணி நேரம். வேலை 60 மணியில் முடிந்தால் ஏஜென்சிக்கு லாபம். 81-ஆவது மணி தொடங்கினால் யாரோ ஒருவர் அதைத் தன் பையிலிருந்து கொடுக்கிறார். ஏஜென்சி வாழ்க்கையின் நல்லது கெட்டது பெரும்பாலும் இந்த 81-ஆவது மணியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கின்றன.

முதலில் இந்தப் பக்கம். மணி நேரத்தை விற்கும் கடையில் சரக்கு சும்மா கிடக்கக் கூடாது. ஒரு வேலை முடிந்த மறுநாளே அந்த ஆளுக்கு அடுத்த வேலை வேண்டும், அது எந்தத் துறையிலிருந்து வந்தாலும் சரி. இந்த மாதம் மருந்து அட்டை, அடுத்த மாதம் மசாலா பாக்கெட், அதற்கடுத்து ஒரு வங்கியின் ஆண்டறிக்கை. மூன்றுக்கும் வெவ்வேறு வாசகர், வெவ்வேறு அச்சுமுறை, வெவ்வேறு சட்டக் கட்டுப்பாடு. மருந்து அட்டையில் எழுத்தளவைக் குறைக்க முடியாது என்பதையும், மசாலா பாக்கெட்டின் மடிப்பில் எழுத்து விழுந்தால் படிக்க முடியாது என்பதையும் ஒருவர் ஒரே ஆண்டில் கற்றுக்கொள்வது வேறு எங்கும் எளிதில்லை. இதைவிடப் பெரியது, ஒரு வேலையின் முழு வட்டத்தையும் பலமுறை சுற்றிவரும் வாய்ப்பு. க்ளையண்டின் தேவையைச் சொல்லும் பிரீஃபைக் கேட்பது, அதில் அவர் சொல்லாமல் விட்டதை ஊகிப்பது, மூன்று வழி வரைவது, இரண்டைத் தூக்கிப்போடுவது, மிஞ்சியதை முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அறையில் நின்று விளக்குவது, அவர்கள் சொன்னதைக் கேட்டு முகம் சுளிக்காமல் திருத்துவது. சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய மென்பொருள் நிறுவனத்தில் சேரும் புதியவர் இந்த வட்டத்தை ஒருமுறை முழுதாகச் சுற்ற ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அங்கே ஒரே பொருளின் ஒரே பகுதி அவர் பொறுப்பில் இருக்கும், ‘ப்ரிண்ட்’ பொத்தான் எங்கே வரவேண்டும் என்பதிலேயே ஒரு காலாண்டு போய்விடும். 80 மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் ஒரு வாத்தியார்தான். எதை வரையாமல் விடலாம் என்பதை அது சொல்லிக்கொடுக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவான மறுப்பு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் என்பார்கள். எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்தவர் எதிலும் ஆழம் காண மாட்டார், ஏஜென்சியில் ஐந்து வருடம் இருந்தவருக்கு இருப்பது ஒரு வருட அனுபவம் ஐந்து முறை என்பது மறுப்பவர்களின் வாதம். இதில் பாதி சரி. ஏஜென்சிக்காரர் கற்றுக்கொள்ளாத ஒன்று நிச்சயமாக இருக்கிறது: தன் வேலை சந்தைக்குப் போன பிறகு என்ன ஆயிற்று என்பது. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராப்பிகானா ஆரஞ்சுச் சாறு புதிய அட்டைப்பெட்டியில் வந்தது. ஆர்னெல் என்ற ஏஜென்சி வடிவமைத்தது. ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா செருகிய பழைய படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடிக் குவளையில் சாறு நிற்கும் படத்தைப் போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கமாக வாங்குகிறவர்கள் கடை அலமாரியில் தங்கள் பெட்டியை அடையாளம் காண முடியாமல் தடுமாறினார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள் விற்பனை 20 விழுக்காடு சரிந்தது, பழைய பெட்டியே திரும்பி வந்தது. இப்படிச் செய்தித்தாளில் வரும் அளவுக்கு விழுந்தால் ஏஜென்சிக்கும் செய்தி தெரியும். விழாமல், ஓங்காமல், சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற வேலைகள் எத்தனையோ. அவை தேய்ந்த காரணத்தை அலசும் அறையில் ஏஜென்சி இருப்பதில்லை, ஏனென்றால் அதன் மணி நேரம் விற்று முடிந்துவிட்டது. சொந்தப் பொருளை உருவாக்கி விற்கும் பொருள் நிறுவனத்தில் இருப்பவர் தன் தவறோடு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். போன மாதம் தான் மாற்றிய படிவத்தில் எத்தனை பேர் பாதியில் விட்டுப்போனார்கள் என்ற எண் திங்கட்கிழமை காலை திரையில் நிற்கும். அந்தக் கல்வி ஏஜென்சியில் கிடையாது. ஆனாலும் மறுப்பின் மறுபாதியை ஏற்க முடியவில்லை. தொடங்கத் தெரிவதும் ஓர் ஆழம்தான். வெற்றுத் தாளிலிருந்து ஒரு திசையைக் கண்டுபிடிக்கும் பழக்கம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பொருளை மெருகேற்றுவதால் மட்டும் வந்துவிடாது. ஐவ் சீப்பையும் பீங்கானையும் வரைந்த வருடங்களில் கற்றது அதைத்தான். அவர் பின்னாளில் அந்த வருடங்களை வீண் என்று சொல்லவில்லை, எதில் தான் நல்லவன், எதில் மோசம் என்று அங்கேதான் தெரிந்தது என்றே சொன்னார். ஆகவே இந்தக் குறை எந்த வயதில் ஏஜென்சியில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 23 வயதில் அது குறையே இல்லை. 33 வயதில் குறை.

உரிமையும் பெயரும் அடுத்த புகார். 1980-இல் ஆப்பிளுக்காக முதல் மவுஸை உருவாக்கியது ஹோவி-கெல்லி என்ற சிறு நிறுவனம், பின்னாளில் ஐடியோ என்ற டிசைன் நிறுவனமாக வளர்ந்த வேர்களில் ஒன்று. உலகத்துக்கு அது ஆப்பிள் மவுஸ். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில், வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் முதலாளியே என்கிறது. ஏஜென்சி அதை க்ளையண்டுக்கு எழுதிக்கொடுத்துவிடும். வரைந்தவர் இரண்டு படி தள்ளி நிற்கிறார். அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் இதைப் படைத்தவன் நான் என்று சொல்லும் உரிமையை ஆசிரியருக்கு விட்டுவைத்திருக்கிறது என்பதை இத்துறையில் பலர் கவனிப்பதில்லை. கவனித்தாலும், க்ளையண்டோடு போட்ட ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி, போர்ட்ஃபோலியோவில் வைக்கக் கூடாது என்று தடுத்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் தமிழ் சினிமா எவ்வளவோ மேல். படத்தின் பெயர்ப்பட்டியலில் ‘டிசைன்ஸ்’ என்று தனிவரி போட்டு, போஸ்டர் வரைந்தவர் பெயரைத் திரையில் காட்டும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. எந்த வங்கியின் செயலியையாவது திறந்து பாருங்கள், வடிவமைத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. ஆயினும் இந்தப் புகாரை நான் பெரிதாக எடைபோடவில்லை. பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் பெயர் கிடைப்பதில்லை. அங்கே பெயருக்குப் பதில் சில சமயம் பங்கு கிடைக்கும் என்பதுதான் உண்மையான வித்தியாசம். சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, ஊழியர்களில் நூற்றுக்கணக்கானோர் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று நாளிதழ்கள் எழுதின. மணி நேரத்தை விற்கும் நிறுவனத்தில் அப்படி ஒரு காலை விடிய வழியே இல்லை. விற்ற மணிக்கு வட்டி கிடையாது.

இனி 81-ஆவது மணியின் அந்தப் பக்கம். அங்கே நிற்கும் முதல் ஆள் பிட்ச். வேலை கிடைப்பதற்கு முன்பே, கிடைத்தால் எப்படிச் செய்வோம் என்று காட்டுவதற்காகச் செய்யும் இலவச வேலை அது. நான்கு ஏஜென்சிகளை அழைத்து நால்வரிடமும் வரைந்து காட்டச் சொல்லி, ஒருவரைத் தேர்ந்தெடுத்து மூவருக்கு நன்றி சொல்லி அனுப்புவது வழக்கம். மூவரின் மணி நேரம் காற்றில் போயிற்று. அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கமான ஏ.ஐ.ஜி.ஏ. இப்படி ஊகத்தின் பேரில் இலவசமாக வேலை வாங்குவதை நெடுங்காலமாக எதிர்த்துவருகிறது. நம் நாட்டிலோ அரசே இதை ஒரு திருவிழாவாக நடத்துகிறது. ரூபாய்க் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 2010-இல் அது தேர்வானபோது வென்றவர் டி. உதயகுமார், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் ஆய்வு மாணவர். தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆரும்’ ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய அந்தக் குறியீட்டின் அழகை யாரும் மறுக்க முடியாது. அவருக்குக் கிடைத்த பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். ஒரு நாட்டின் நாணயத்துக்கே அடையாளம் வரைந்த கூலி அது. போட்டிக்கு வந்தவை 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பத்து மணி நேரம் செலவிட்டிருந்தாலும் 30,000 மணி நேரம், ஒரு சிறு ஏஜென்சியின் பல வருட உழைப்பு. பிறகு வந்த மத்திய அரசின் மைகவ் இணையதளம் லோகோப் போட்டிகளை வாடிக்கையாகவே ஆக்கிவிட்டது.

போட்டி என்பது திறமைக்குக் கதவு திறக்கிறது, பெயரில்லாத மாணவர் பெரிய நிறுவனங்களோடு மோதி வென்றது போட்டியால்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, உதயகுமாரே அதற்குச் சாட்சி. ஆனால் கட்டடக் கலையில் நடக்கும் நல்ல போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்காவது செலவைக் கொடுக்கும் மரபு உண்டு. ரூபாய்ப் போட்டியிலும் இறுதிச் சுற்றுக்கு வந்த ஐவருக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் தரப்பட்டது. தனியார் பிட்ச்களில் அதுகூட இல்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர் அச்சகத்துக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சொன்னால், தாளுக்கும் மைக்கும் காசு வாங்குவார்கள், டிசைன் இலவசம். டி.டி.பி. கடைப் பையன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மணமகளின் சித்தப்பா சொன்ன திருத்தத்தையும் மாமா சொன்ன எதிர்த்திருத்தத்தையும் போட்டுக்கொடுத்ததற்கு விலை கிடையாது. தொடக்கூடியதற்கு மட்டுமே காசு என்று பழகிய சந்தையில் வளர்ந்தவர்தான் நாளை ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் தலைவராகிறார். சும்மா ரெண்டு ஆப்ஷன் காட்டுங்க என்று அவர் கேட்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த ‘சும்மா’வின் செலவு, ஜெயித்த வேலைகளின் 80 மணிக்குள் திணிக்கப்படுகிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. ஆக, ஜெயித்த வேலையைச் செய்பவர் தோற்ற வேலைக்கும் சேர்த்து உழைக்கிறார்.

அடுத்து திருத்தங்கள். ஒப்பந்தத்தில் மூன்று சுற்றுத் திருத்தம் என்று எழுதியிருக்கும், நடப்பது ஒன்பது சுற்று. நான்காவது சுற்றுக்குத் தனியாகப் பணம் கேட்கும் துணிவு, அடுத்த க்ளையண்ட் வரிசையில் நிற்கும் ஏஜென்சிக்கு மட்டுமே உண்டு. மற்றவை ராத்திரியை நீட்டுகின்றன. இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பக்கத்துத் தொழிலான விளம்பரத்தில் ஒரு துயரமான சான்று இருக்கிறது. ஜப்பானின் மிகப் பெரிய விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் வேலைக்குச் சேர்ந்த வருடமே, 2015 டிசம்பரில், 24 வயதுப் பெண் ஊழியர் தற்கொலை செய்துகொண்டார். மாதம் 100 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை பார்த்திருந்தார். அதிக உழைப்பால் நேர்ந்த மரணம் என்று அரசு ஏற்றது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார். 2017-இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 5 லட்சம் யென். தலைமை அலுவலகத்தில் இரவு 10 மணிக்கு விளக்கை அணைக்கும் ஏற்பாடும் வந்தது. விளக்கை அணைத்தால் வேலை நின்றுவிடுமா? விற்ற மணி 80, தேவைப்படும் மணி 120 என்ற கணக்கு மாறாதவரை அந்த நாற்பது மணி வேறு ஏதாவது விளக்கின் கீழே நடக்கும். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. சட்டம் இல்லாமல் யாரும் தவிக்கவில்லை. பலர் இந்த அதிக வேலையை முதலாளியின் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பேராசைக்காரர்கள் இல்லாமலில்லை. ஆனால் நல்ல மனம் படைத்த முதலாளியின் அலுவலகத்திலும் ராத்திரி விளக்கு எரிகிறது என்றால், கோளாறு விலை போட்ட விதத்தில் இருக்கிறது. அந்த விலையைத் தவறாகவே வைத்திருப்பதில் ஊழியருக்கும் ஒரு பங்கு உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு டைம்ஷீட்டில் எட்டு என்று எழுதுகிறவர்கள் இத்துறையில் ஏராளம். மெதுவாகச் செய்கிறார் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். அந்த எட்டைப் பார்த்து அடுத்த க்ளையண்டுக்கு எட்டு மணிக்கே விலை சொல்கிறார்கள்.

முடித்த வேலைக்குக் காசு வருவதும் தனிப் போராட்டம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவுபெற்ற சிறு ஏஜென்சிக்கு 45 நாளைக்குள் பணம் தந்தாக வேண்டும். யாரும் மதிக்காத அந்த விதிக்கு, வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு சேர்ந்தபோது கொஞ்சம் பல் முளைத்தது: கெடு தாண்டினால், பணத்தை உண்மையில் கொடுக்கும்வரை அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. ஆனாலும் பெரிய க்ளையண்ட் மீது புகார் கொடுத்துவிட்டு அடுத்த வேலையை எதிர்பார்க்க முடியுமா? க்ளையண்டின் தாமதம் கடைசியில் ஜூனியரின் சம்பளத் தேதியாக வந்து இறங்குகிறது.

வேலை நிரந்தரம் பற்றி ஏஜென்சிகளின் வரலாறு ஆறுதல் தருவதாக இல்லை. 1965-இல் சிகாகோவில் தொடங்கிய யூனிமார்க், மாஸிமோ விக்னெல்லியைப் போன்ற மேதைகளை வைத்துக்கொண்டு, நியூயார்க் சுரங்க ரயிலின் அறிவிப்புப் பலகைகளை இன்றுவரை நிற்கும்படி வடிவமைத்தது. கண்டம் விட்டுக் கண்டம் கிளை திறந்தது. அகலக் கால் வைத்த நேரத்தில் எழுபதுகளின் பொருளாதாரச் சரிவு வந்தது, 1977-இல் மூடிவிட்டார்கள். ஐடியோ 2023-இல் ஊழியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரைக் குறைத்து மியூனிக், டோக்கியோ அலுவலகங்களை மூட முடிவுசெய்தது. நடுவில், பெரிய நிறுவனங்கள் ஏஜென்சிகளை விழுங்கிய காலம் ஒன்று. ஃப்யோர்டை 2013-இல் அக்சென்ச்சர் வாங்கியது, அடாப்டிவ் பாத்தை 2014-இல் கேபிடல் ஒன் வங்கி, டிசைனிட்டை 2015-இல் விப்ரோ, வாங்டூடியை 2018-இல் இன்ஃபோசிஸ். பொருள் நிறுவனங்கள் மட்டும் ஒழுங்கா, 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை ஒரே நாளில் அனுப்பவில்லையா என்று கேட்பது சரியான கேள்வி. வித்தியாசம் இடைவெளியில் இருக்கிறது. பொருள் நிறுவனத்துக்குச் சந்தா வருமானமும் வங்கியில் முதலீட்டாளர் பணமும் இருக்கும், சரிவு ஊழியரை எட்ட மாதங்கள் ஆகும். ஏஜென்சிக்கு மூன்று க்ளையண்டுகளில் ஒருவர் விலகினாலே சில வாரங்களில் நாற்காலிகள் காலியாகின்றன. விற்காத மணி நேரத்தைக் கிடங்கில் போட்டுவைக்க முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் உண்டா என்றால், பென்டகிராமைச் சொல்ல வேண்டும். 1972-இல் லண்டனில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கியது. கூட்டாளிகள் எல்லோரும் வடிவமைப்பாளர்களே. ஒவ்வொருவருக்கும் தனிக் குழு, லாபத்தில் எல்லோருக்கும் சம பங்கு, வெளியிலிருந்து முதலாளி கிடையாது. க்ளையண்டோடு பேசுபவரும் வரைபவரும் ஒருவரே என்பதால், விற்ற 80 மணிக்கும் வேண்டிய 120 மணிக்கும் இடையே ஒரு அக்கவுண்ட் மேனேஜரின் வாக்குறுதி புகுந்துகொள்ள இடமில்லை. அதன் கூட்டாளி பவுலா ஷேர், சிட்டி வங்கியின் லோகோவை முதல் சந்திப்பிலேயே ஒரு கைதுடைக்கும் தாளில் கிறுக்கிவிட்டார். மணிக்கணக்கில் விலை போட்டிருந்தால் அந்தக் கிறுக்கலுக்குச் சில்லறைதான் தேறியிருக்கும். பல்லாண்டுப் பயிற்சி அந்தச் சில நொடிகளில் வந்து இறங்கியது என்பதைப் புரிந்துகொண்டு விலை சொல்லும் நிலையில் அவர் இருந்தார், ஏனென்றால் அவர் ஊழியர் அல்லர், உடைமையாளர். இந்த ஏற்பாட்டின் எல்லையும் இதுவேதான். கூட்டாளிகள் இருபத்துச் சொச்சம் பேர். அவர்களின் கீழே வேலை செய்யும் இளையவர்களுக்கு அதுவும் சம்பளம் வாங்கும் இன்னோர் ஏஜென்சி.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 முதல் பரவியதால் இந்தக் கணக்கே மாறுகிறது. இருபது லோகோ வகைகளை ஒரு நாளில் வரைவதுதான் ஜூனியரின் வேலையாக இருந்தது, அதில்தான் அவர் கை பழகினார். இன்று அது சில நிமிடம். மணி நேரத்தை விற்கும் கடைக்கு இது இரட்டை அடி: பில் போட மணி குறைகிறது, ஜூனியரை வைத்துப் பழக்கக் காரணமும் குறைகிறது. ஏஜென்சியின் தலைசிறந்த நன்மை என்று மேலே சொன்ன பயிற்சிதான் முதலில் ஆட்டம் காண்கிறது. விலையை மணியிலிருந்து பிரித்து, முடிவின் மதிப்புக்கு வைக்கத் தெரிந்த ஏஜென்சிகள் பிழைக்கும். மற்றவை அச்சகத்து இலவச டிசைனோடு போட்டிபோடும்.

எல்லாம் எடைபோட்டால் என் தீர்ப்பு இது. தொழிலின் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு, நல்ல மூத்தவர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும் சிறிய ஏஜென்சியைவிட மேலான பள்ளி இல்லை, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. தங்கள் வருமானத்தை நம்பி வீட்டில் பலர் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் பொருள் நிறுவனத்துக்கே போகட்டும், அதில் தாழ்வில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் கூட்டாளியாகும் பாதை கண்ணில் படவில்லையென்றால் ஏஜென்சியைவிட்டு வெளியே வருவதே சரி. நேர்காணலுக்குப் போகிறவர் சம்பளத்தைக் கேட்பதோடு நிற்க வேண்டாம். போன வருடம் எத்தனை பிட்ச் போனீர்கள், எத்தனை ஜெயித்தது, நான்காவது திருத்தத்துக்குப் பணம் வாங்குகிறீர்களா என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் மாறுகிற இடத்தில் சேராதீர்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இன்று மாலை டைம்ஷீட்டில் உண்மையான மணி நேரத்தை எழுதுங்கள்.